ஊழிக்குப் பின் ஏடும் செப்பேடும்

உலகோர் யாவரும் மாய்ந்தபின் எஞ்சி நிற்கும் ஒருவன் யாருக்காக எழுதுவான் என்னும் வினாவை எழுப்பும் புதினம், ஆங்கில நாட்டு மேரி செல்லி அம்மையார் 1826-இல் வெளியிட்ட ‘கடைசி மனிதன்’. அக்காலத் திறனாய்வாளர் அதனைப் பழித்தொதுக்கினர். 1833-க்குப் பின் 1965 வரை அது மறுபதிப்புக் காணவில்லை. அம்மையாரின் கணவர் செல்லி 1822-இல் கடலில் மூழ்கி இறந்தார். நண்பர் பைரன் 1824-இல் கிரேக்க நாட்டில் மறைந்தார். அவ்விருவர் சாயலே கதையில் ஏட்ரியன், ரேமண்ட் என்போரிடம் படிந்துள்ளது. இருபத்தோராம் நூற்றாண்டின் இறுதியில் கொள்ளைநோயால் மக்களினம் அழிய, லயனல் வெர்னி என்பான் ஒருவனே உரோம் நகரை அடைகிறான்.

தமிழ் கற்றோர் இந்நூலைப் பயிலுங்கால் விருப்பும் வெறுப்பும் ஒருங்கே எழுதல் இயல்பு. விருப்பம் முன்னுரையிலேயே தோன்றும். 1818-இல் நேப்பிள்சு நகர்க்கு அணித்தே, வருவதுரைக்கும் சிபில் என்பாளின் குகையிற் சிதறிக் கிடந்த இலைகளிலும் மரப்பட்டைகளிலும் பன்மொழி எழுத்துகளைக் கண்டு, அவற்றைத் திரட்டிக் கோவைப்படுத்தியதே இக்கதை என்கிறார் ஆசிரியர். முறிந்தும் செல்லரித்தும் கிடந்த ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் வழியில் வந்தோர்க்கு இது நம் வீட்டுச் செய்தியாகவே தோன்றும். (இடைவெளிகளைத் தாமே இட்டு நிரப்பியதாகவும் அம்மையார் கூறுகிறார், ஐயரவர்கள் அதற்கு உடன்படார்.)

முதற்பகுதி உயர்குடியினரின் காதற்கதையாய் நீண்டு சலிப்பூட்டுவது ஒருபுறமிருக்க, நோய் வரும் திசையே நம்மை உறுத்துகிறது. அது கிழக்கிற் பிறந்ததாகவே பேசப்படுகிறது. கிழக்கில் மாய்வோர் பெயரற்ற பெருந்தொகை. இங்கிலாந்தில் மாய்வோர்க்கே முகமும் பெயரும் உண்டு. 1817-இல் வங்கத்து யசோரில் மூண்ட வாந்திபேதி 1818-இல் சென்னை மாகாணத்தையும் தாக்கியது. அக்கொடுமையின் நிழல் இந்நூலில் விழுந்துள்ளதென ஆய்வாளர் சிலர் கருதுவர். அவ்வாறாயின், நம் நாட்டுச் சாவுகள் பிறர் அச்சத்திற்கு முன்னுரையாக மட்டுமே பயன்பட்டன எனல் வேண்டும்.

நம் மரபிலும் இத்தகைய கதை உண்டு. கடல்கோளைப் பலரும் பேசுவர். ஈண்டுக் கருதற்பாலது, இறையனார் களவியலுரை கூறும் வற்கடம் ஆகும். பாண்டிநாட்டிற் பன்னீராண்டு மழை பொய்த்தது. புலவரைப் புரக்கவியலாத அரசன், அவரவர் அறிந்த இடத்திற்குச் சென்று வாழுமாறு அவர்களை விடுத்தான். மழை பெய்து நாடு நாடானபின் ஆள்விடுத்து அழைத்தான். எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லார் கிடைத்தனர். பொருளதிகாரம் வல்லார் ஒருவரும் கிடைத்திலர். பொருள் இன்றேல் ஏனைய பெற்றும் பெறாததே என அரசன் கவன்றான். ஆலவாய் இறைவன் அறுபது நூற்பாக்களை மூன்று செப்பிதழ்களில் எழுதியருளினான் என்பது கதை.

இதனை வரலாறாகக் கொள்ளவியலாது. எனினும் கதை அவ்விடத்தே நில்லாமை நோக்கத்தக்கது. நூல் கிடைத்தபின் அதற்கு மெய்யுரை காணும் சிக்கல் எழுகிறது. உருத்திரசன்மன் என்னும் ஊமைச் சிறுவன் கேட்டு, மெய்ம்மயிர் சிலிர்த்துக் கண்ணீர் வார்த்தபோதே நக்கீரர் உரை மெய்யுரை எனத் துணியப்பட்டது. அவ்வுரையும் பத்துத் தலைமுறை வாய்வழி வந்தது என்பர். நாடு மீண்டமைக்கு நெல் விளைந்தது மட்டும் சான்றாகவில்லை. கேட்போன் ஒருவன் வேண்டியிருந்தான். வெர்னிக்கோ கேட்போர் இலர். தன் நூலை அவன் இறந்தோர்க்கே உரிமை செய்கிறான். புனித பேதுரு பெருங்கோயிலின் உச்சிக் கல்லில், உலகின் இறுதியாண்டு என 2100-ஐப் பொறிக்கிறான். கல்வெட்டு ஆய்வார் நெஞ்சை இவ்விடம் தொடாதிராது. ஆயினும் படிப்பார் எவரும் வாரார் எனத் துணிந்தவன் கல்லிற் பொறிப்பது யாங்ஙனம் பொருந்தும்?

கரையாம்புத்தூரை ஒட்டிய பாகூர் இவ்வினாவுக்குப் பிறிதொரு விடை தருகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், நிலைதாங்கி என்னும் தலைவன் வேண்ட, பாகூர் வித்தியாத்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டன. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என அவற்றின் பெயர்கள் வடமொழியும் தமிழும் கலந்த செப்பேடுகளிற் காணப்படுகின்றன. பாகூர்ப் பகுதியில் கடுவனூர் என ஓர் ஊர் இன்றும் உண்டு. அக்கல்லூரி இன்று இல்லை. அதனைப் போற்றிய அரசும் இல்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்து, பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அவ்வேடுகள் வெளிப்பட்டபோது, படிக்க ஆள் இருந்தது.

வெர்னி இறுதியில் நாயுடன் ஓடமேறிக் கடற்கரைகளை நாடிச் செல்கிறான். ஓமரும் சேக்சுபியரும் அவனுடன் உள்ளனர்; கரையோர நகர்களில் நூலகங்கள் திறந்து கிடக்கும் என்றும் அவன் எண்ணுகிறான்.