நான்கு குழந்தைகளும் ஒரு பாதிரியாரின் கணக்கும்

2016 டிசம்பரில் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்தபோது 'எக்மோ' என்ற சொல் நம்மூர் டீக்கடை வரை வந்துவிட்டது. 2020-ல் எஸ்.பி.பி.க்கும் அதே கருவிதான். ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்ஸிஜன் ஏற்றி, திரும்ப உடம்புக்குள் அனுப்பும் இயந்திரம். இது உயிரைக் காக்கிறதா என்று கண்டுபிடிக்கப்போய் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. மருத்துவக் கருவிச் சோதனைகளின் கணக்குப் பார்ப்பதுதான் புனேயில் எனக்குப் பிழைப்பு. அதனால் இந்தப் பதிவு.

அமெரிக்காவில் ராபர்ட் பார்ட்லெட் என்ற அறுவை மருத்துவர், மூச்சுவிட முடியாமல் தவித்த பச்சிளங்குழந்தை ஒன்றை 1975-ல் எக்மோவால் காப்பாற்றினார். பிறகு மிச்சிகனில் முறையான சோதனை. அதற்கு ஒரு விசித்திரமான குலுக்கல். பையில் இரண்டு பந்து: எக்மோவுக்கு ஒன்று, வழக்கமான சிகிச்சைக்கு ஒன்று. குழந்தை பிழைத்தால் அதே சிகிச்சைக்கு இன்னொரு பந்து சேரும். இறந்தால் மற்றதற்குச் சேரும். ஜெயிக்கிற பக்கம் தானாகவே வாய்ப்பு கூடும்.

1985-ல் முடிவு வந்தது. எக்மோவில் 11 குழந்தைகள், 11-ம் பிழைத்தன. வழக்கமான சிகிச்சையில் ஒரே ஒரு குழந்தை, இறந்தது. "ஒன்றை வைத்து என்னத்தை ஒப்பிடுவது?" என்றார்கள் விமர்சகர்கள்.

ஆகவே பாஸ்டனில் ஹார்வர்டு மருத்துவர்கள் இன்னொரு சோதனை நடத்தினார்கள். எக்மோ பெற்ற 9 பேரும் பிழைத்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்ற 10 பேரில் 4 பேர் இறந்தார்கள். அந்தப் பத்துக் குழந்தைகளின் பெற்றோரிடம், சோதனைக்கு அனுமதி கேட்கப்படவே இல்லை. 1989-ல் இது வெளியானபோது, முன்பே இவ்வளவு தெரிந்திருக்க இந்தச் சோதனை தர்மமா என்று டொனால்ட் பெர்ரி என்ற புள்ளியியலாளர் கேள்வி எழுப்பினார். அவர் பேய்ஸ் கட்சிக்காரர்.

யார் இந்த பேய்ஸ்? (பேய்க்கும் இவருக்கும் சம்பந்தமில்லை!) தாமஸ் பேய்ஸ் இங்கிலாந்துப் பாதிரியார். 1761-ல் இறந்தார், அவருடைய கட்டுரை 1763-ல்தான் வெளிவந்தது. விஷயம் நமக்குப் பழக்கமானதுதான். பொங்கலுக்கு ஊருக்குப் போக வெயிட்டிங் லிஸ்ட் 40. போன வருட அனுபவத்தை வைத்து ஒரு நம்பிக்கை இருக்கும். நாலு நாளில் அது 15 ஆனால் நம்பிக்கை கூடும். பழைய அறிவோடு புதிய தகவலைச் சேர்த்து நம்பிக்கையைத் திருத்திக்கொண்டே போவது, அவ்வளவுதான். வழக்கமான முறையோ ஒவ்வொரு சோதனையையும் வெற்றுப் பலகையாகத் தொடங்கும்.

ஆனால் முன் நம்பிக்கை மிதமிஞ்சினாலும் ஆபத்து. 1996-ல் வெளியான பிரிட்டிஷ் சோதனையில் எக்மோ பெற்ற 93 குழந்தைகளில் 30 பேர் இறந்தார்கள். மற்ற 92 பேரில் 54 பேர். எக்மோவுக்குப் பலன் உண்டு, ஆனால் 11-க்கு 11 என்ற அற்புதம் இல்லை.

அமெரிக்க எஃப்.டி.ஏ., கருவிச் சோதனைகளில் பேய்ஸ் முறைக்கு 2006-ல் வரைவு வழிகாட்டியும் 2010-ல் இறுதி வழிகாட்டியும் வெளியிட்டது. கருவிகள் பெரும்பாலும் பழைய மாடலைக் கொஞ்சம் மாற்றியே வருகின்றன. பழைய மாடலின் தகவல் புதியதற்கும் உதவும். ஆனால் எந்தப் பழைய தகவலை எவ்வளவு நம்புவது என்பதைச் சோதனைக்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். விளையாட்டு முடிந்தபின் விதியை மாற்றக் கூடாதல்லவா?

2018-ல் பெரியவர்களுக்கான எக்மோ சோதனை ஒன்று வெளியானது. 249 நோயாளிகள். 60 நாளில் இறந்தவர்கள் எக்மோ பக்கம் 35 சதவீதம், மறுபக்கம் 46 சதவீதம். வழக்கமான கணக்குப்படி "நிரூபிக்கப்படவில்லை". அதே தகவலை அதே ஆண்டில் பேய்ஸ் முறையில் போட்டுப் பார்த்தார்கள். எந்த முன் நம்பிக்கையோடு தொடங்கினோம் என்பதைப் பொறுத்து, எக்மோ இறப்பைக் குறைக்கும் வாய்ப்பு 88 முதல் 99 சதவீதம் வரை வந்தது.

"நிரூபிக்கப்படவில்லை" என்பது வேறு, "பலனில்லை" என்பது வேறு. நாளை நம் வீட்டுக்காரர் யாருக்காவது மருத்துவர் முதலாவதைச் சொன்னால், "சரி டாக்டர், பலன் இருக்க எவ்வளவு வாய்ப்பு?" என்று தயங்காமல் கேளுங்கள். பாஸ்டனில் அந்தப் பத்துக் குழந்தைகளின் பெற்றோருக்கு, கேட்பதற்கான சந்தர்ப்பமே கிடைக்கவில்லை.