ஒன்பது உயிர்களும் ஒரு படிவமும்

2015 ஜூன் 17. அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் நகரம். கறுப்பின மக்களின் பழம்பெரும் இமானுவேல் தேவாலயத்தில் வேதபாட வகுப்பு நடந்துகொண்டிருந்தது. 21 வயது வெள்ளை இளைஞன் ஒருவன் உள்ளே வந்தான். அவனுக்கும் இடம் கொடுத்து உட்காரவைத்தார்கள். வகுப்பு முடியும் நேரத்தில் அவன் துப்பாக்கியை எடுத்தான். ஒன்பது கறுப்பின மக்கள் கொல்லப்பட்டார்கள்.

அந்தத் துப்பாக்கியை அவன் கடையில்தான் வாங்கினான். சட்டப்படி அவனால் வாங்கியிருக்கவே முடியாது. சில வாரங்களுக்கு முன்புதான் போதைப்பொருளோடு பிடிபட்டு, அதை ஒப்புக்கொண்டும் இருந்தான். விற்பனையை மறுக்க அதுவே போதும். ஆனால் பதிவேட்டுக் குழப்பத்தில் அந்த விவரம் எஃப்பிஐ ஊழியரின் கைக்கு வரவில்லை. மூன்று வேலைநாட்களுக்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்கலாம் என்பது விதி. அவர் விற்றுவிட்டார். தவறு நடந்ததை எஃப்பிஐ இயக்குநரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

தோழர்களே, இந்த விதிக்கு ஒரு வரலாறு உண்டு.

1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் சிறையிலிருந்து தப்பிய கைதி. பொய்ப் பெயரில் துப்பாக்கி வாங்கியவன். அவ்வாண்டு அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டனை பெற்றவர்களுக்கும், சட்டவிரோதமாகப் போதைப்பொருள் பயன்படுத்துபவர்களுக்கும் துப்பாக்கி கிடையாது என்றது. 1993-இல் பிரேடி சட்டம் பின்னணிச் சோதனையைக் கட்டாயமாக்கியது. 1998 நவம்பரிலிருந்து கடைக்காரர் கேட்கும்போதே கணினிப் பதிவுகளைத் தேடிப் பார்க்கிறார்கள்.

இதற்கு முன்னும் அங்கே தடைகள் இருந்தன. அடிமைமுறை ஒழிந்த 1865-லேயே, விடுதலை பெற்ற கறுப்பர்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது என்று மிசிசிப்பி சட்டம் போட்டது. 1956-இல் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு இதே கிங் துப்பாக்கி உரிமம் கேட்டார், மறுத்துவிட்டார்கள். கருஞ்சிறுத்தைகள் ஆயுதம் ஏந்திக் காவல்துறையைக் கண்காணித்ததும், 1967-இல் கலிபோர்னியா பொது இடங்களில் குண்டு நிரப்பிய துப்பாக்கியைத் தடைசெய்தது. அவர்களின் பெயரைத்தான் 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

1968 சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நிறம் வேறு வழியில் உள்ளே வந்தது. 1986-இல் வந்த போதைப்பொருள் சட்டம் 5 கிராம் கிராக்குக்கும் 500 கிராம் கொக்கைன் தூளுக்கும் ஒரே தண்டனை வைத்தது: குறைந்தது ஐந்தாண்டு சிறை. இரண்டும் ஒரே சரக்கின் இரு வடிவங்கள்தான். கிராக் வழக்குகளில் சிறை சென்றவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். இந்த 100-க்கு 1 விகிதம் 2010-இல்தான் 18-க்கு 1 ஆனது. கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் கஞ்சா பயன்படுத்துகிறார்கள். ஆனால் கறுப்பர்கள் கைதாகும் வாய்ப்பு 3.7 மடங்கு அதிகம் என்று அமெரிக்கக் குடியுரிமைச் சங்கத்தின் 2013 அறிக்கை காட்டியது. அந்தக் கைது தண்டனையானால், பின்னணிச் சோதனையில் ஆயுள் முழுக்கத் தடையாக நிற்கக்கூடும்.

எல்லோருக்கும் துப்பாக்கி வேண்டும் என்று நான் வாதாடவில்லை. சார்ல்ஸ்டனில் இந்த விதி ஒழுங்காக வேலை செய்திருந்தால் அந்தத் துப்பாக்கி அவன் கைக்குப் போயிருக்காது. விதி தேவை என்பதற்கும் அந்தத் தேவாலயம்தான் சாட்சி. விதி யாரைப் பிடிக்கிறது, யாரை நழுவவிடுகிறது என்பதற்கும் அதுவே சாட்சி.

1865-இல் சட்டம் ‘நீ யார்?’ என்று கேட்டது. 1968-க்குப் பிறகு ‘நீ என்ன செய்தாய்?’ என்று கேட்கிறது. இரண்டாவது கேள்வி நியாயமானதுதான். ஆனால் யாருடைய சட்டைப்பையைத் துழாவுவது என்பதைத் தெருவில் நிற்கும் காவலர் முடிவுசெய்யும்வரை, பழைய கேள்வி சாகவில்லை.

‘குற்றப் பின்னணி உள்ளவர்’ என்ற சொல்லை எங்கே படித்தாலும், அந்தப் பதிவை எழுதியது யார், எந்தத் தெருவில் நின்று எழுதினார் என்று கேளுங்கள்.