340 நாடுகளும் ஒரு சான்றிதழும்

ஹாம் ரேடியோ என்ற பெயரைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அரசாங்கத் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, வீட்டு மொட்டைமாடியில் ஒரு ஆன்டெனாவைக் கட்டி, உலகின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் இன்னொருவரோடு வானொலியில் பேசும் பொழுதுபோக்கு அது. அதை வைத்துச் சம்பாதிக்கக் கூடாது என்பது விதி.

இந்தப் பொழுதுபோக்குக்குள் ஒரு போட்டி இருக்கிறது. அதை முழுசாக முடிக்க முப்பது, நாற்பது வருடங்கள் ஆகலாம். பணம் போகும், தூக்கம் போகும். அதற்காகக் கடலுக்குப் போய் உயிரை விட்டவர்களும் உண்டு. கடைசியில் கையில் கிடைப்பது சுவரில் மாட்டிக்கொள்ள ஒரு சான்றிதழ்! அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

எது நாடு?

1923 நவம்பரில் அமெரிக்க ஹாம்களும் ஒரு பிரெஞ்சு ஹாமும் அட்லாண்டிக் கடலைத் தாண்டி முதன்முறையாக இருவழித் தொடர்பு கொண்டார்கள். குரலில் அல்ல, மோர்ஸ் தந்திக் குறியில். அடுத்த பத்து வருடத்தில் இது சகஜமாகிவிட்டது. உடனே மனித சுபாவம் தலைகாட்டியது. "நீ எத்தனை நாட்டோடு பேசியிருக்கிறாய்?"

வம்பு அங்கேதான் ஆரம்பம். ஹவாய் அமெரிக்காவின் கையில் இருந்தது, ஆனால் பசிபிக் கடலின் நடுவில் கிடக்கிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதா, தனித்தனியாகவா? பிரிட்டனின் காலனிகள் எல்லாம் சேர்ந்து ஒரே நாடா? ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்.

அமெரிக்க ரேடியோ ரிலே லீக் என்ற ஹாம் சங்கத்தின் பத்திரிகை 'கியூஎஸ்டி'. அதன் 1935 அக்டோபர் இதழில் கிளின்டன் டிசோட்டோ என்பவர் இதற்கு ஒரு வழி சொன்னார். நில அமைப்பாலோ அரசியலாலோ தனித்து நிற்கும் ஒவ்வொரு இடத்தையும் ஒரு நாடாக எண்ணிக்கொள்ளலாம் என்றார். இதை அடிப்படையாக வைத்து 1937ல் லீக் ஒரு விருதை ஆரம்பித்தது. பெயர் 'டிஎக்ஸ் செஞ்சுரி கிளப்', சுருக்கமாக டிஎக்ஸ்சிசி. ஹாம் பாஷையில் 'டிஎக்ஸ்' என்றால் தொலைதூரம். நூறு நாடுகளோடு தொடர்பு கொண்டு நிரூபித்தால் கிளப்பில் இடம் உண்டு.

இந்தக் கணக்குப்படி இந்தியா மட்டுமே மூன்று! பிரதான நிலம் ஒன்று, அந்தமான் நிகோபார் ஒன்று, லட்சத்தீவு ஒன்று. யாருமே குடியில்லாத பனித்தீவுகளுக்கும் பட்டியலில் தனி இடம் உண்டு.

பூஜ்யத்திலிருந்து...

விருது சூடு பிடிக்கும் நேரத்தில் போர் வந்தது. 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியதும் அங்கே ஹாம்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று. வேறு பல நாடுகளில் அதற்கு முன்பே தடை வந்திருந்தது. போர் முடிந்தபோது உலக வரைபடமே மாறிக்கிடந்தது. லீக் ஒரு கடினமான முடிவை எடுத்தது. 1945 நவம்பர் 15 முதல் நடக்கும் தொடர்புகள் மட்டுமே செல்லும். போருக்கு முன் நூறு நாடு சேர்த்தவரும் நேற்று உரிமம் வாங்கியவரும் ஒரே கோட்டில் நின்றார்கள். பழைய பேரேட்டை மூடிவிட்டுப் புதுப் பேரேட்டைத் திறந்த கதைதான்.

அந்தப் பேரேடு இன்றும் மூடப்படவில்லை. இப்போது பட்டியலில் இருப்பவை 340. அதில் குறைந்தது 331ஐத் தொட்டவர்களுக்கு 'ஹானர் ரோல்' என்ற தனி வரிசை. 340ம் முடித்தவர் அதில் முதலிடம் பெறுவார்.

வவுச்சர் இல்லாமல் கணக்கு இல்லை

"பேசினேன்" என்று வாயால் சொன்னால் போதாது. எதிர்முனையில் இருந்தவர் தேதி, நேரம், அலைவரிசை எல்லாம் எழுதி ஓர் அட்டை அனுப்ப வேண்டும். இதற்குக் கியூஎஸ்எல் அட்டை என்று பெயர். காமர்ஸ் படிப்பவர்களுக்குச் சட்டென்று புரியும்படி சொன்னால், தொடர்பு என்பது பேரேட்டுப் பதிவு, அட்டை என்பது வவுச்சர். வவுச்சர் இல்லாத பதிவைத் தணிக்கையில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பேசுவது சில விநாடி வேலை. இவருடைய அழைப்புக்குறி அவருக்குப் போக வேண்டும், அவருடையது இவருக்கு வர வேண்டும், சிக்னல் எப்படிக் கேட்கிறது என்று இருவரும் ஓர் எண் சொல்ல வேண்டும். முடிந்தது! ஆனால் அட்டை வர மாதங்கள் ஆகும், சில சமயம் வருடங்கள். அனுப்பியவர் இறந்துபோவதும் உண்டு, அட்டை தபாலில் தொலைவதும் உண்டு. 2003ல் லீக் ஆரம்பித்த மின்னணுப் பதிவேடு வந்த பிறகு இந்தத் தவிப்பு நிறையக் குறைந்தது.

முயற்சி மட்டும் போதாது

இந்த விருதின் உண்மையான கஷ்டம் இனிமேல்தான் வருகிறது. பெரிய ஆன்டெனா வாங்கலாம், இரவெல்லாம் கண்விழிக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் ஒருவர் இருந்தால்தானே பேச முடியும்?

அல்பேனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில்தான் இருக்கிறது. இத்தாலிக்காரருக்குக் கூப்பிடு தூரம். ஆனால் கம்யூனிச ஆட்சிக்காலத்தில் அங்கிருந்து ஹாம் குரல் கேட்பதே அபூர்வம். ஆட்சி மாறிய பின், 1991 செப்டம்பரில் ஒரு பன்னாட்டுக் குழு அங்கே நிலையம் அமைத்தபோது உலகமே வரிசையில் நின்றது.

வடகொரியா கதை இன்னும் விசித்திரம். ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்தில் வேலை பார்த்த எட் ஜியார்காட்சே என்ற ஜார்ஜியா நாட்டுக்காரர், 2001ன் இறுதியிலிருந்து சுமார் ஒரு வருடம் பியாங்யாங்கிலிருந்து ஓய்வு நேரத்தில் பேசினார். 2002 நவம்பரில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வருடத்தில் அவரைப் பிடித்தவர் பாக்கியசாலி. 339ஐ முடித்துவிட்டு அந்த ஒன்றுக்காகக் காத்திருப்பவர் என்ன செய்ய முடியும்? செய்தித்தாளைப் படித்துக்கொண்டு காத்திருக்கலாம், அவ்வளவுதான்.

சூரியனும் ஒத்துழைக்க வேண்டும். சூரியப் புள்ளிகள் சுமார் 11 வருடத்துக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. அவை கூடும்போது சிற்றலைகள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் நன்றாகத் திரும்பி வெகுதூரம் போகும், குறையும்போது பல அலைவரிசைகள் செத்துக்கிடக்கும். போதாததற்குப் பட்டியலும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2011ல் தெற்கு சூடான் சேர்ந்தது, 2018ல் கொசோவோ சேர்ந்தது. எல்லாம் முடித்தவர் மறுநாள் காலை "இன்னும் ஒன்று பாக்கி" என்ற நிலைக்கு வந்துவிடுவார்!

கடலுக்குப் போனவர்கள்

ஆளில்லாத தீவில் யார் பேசுவார்கள்? ஹாம்களே கப்பல் எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். 1997 ஜனவரியில் தெற்கு இந்தியப் பெருங்கடலின் ஹெர்ட் தீவுக்குப் போன குழு 80,000க்கும் மேற்பட்ட தொடர்புகளோடு திரும்பியது. அன்டார்டிகா பக்கம் இருக்கும் நார்வேயின் பூவே தீவு அவ்வளவு சுலபமாக மசியவில்லை. 2018ல் ஒரு குழு தீவை நெருங்கிய பிறகு மோசமான வானிலையும் கப்பல் இயந்திரக் கோளாறும் சேர்ந்துகொள்ள, கரை இறங்காமலே திரும்பியது. 2023ல் இன்னொரு குழு கொந்தளிக்கும் அலையில் சாமான்களைக் கயிறு கட்டி இழுத்துக் கரைசேர்த்து, 18,000க்கும் மேற்பட்ட தொடர்புகளைச் செய்தது. இப்படிப்பட்ட பயணங்களுக்குப் பல லட்சம் டாலர் செலவாகும். வீட்டிலிருந்து கூப்பிடும் ஹாம்களும் சங்கங்களும் நன்கொடை தருவதால்தான் கப்பல் கிளம்புகிறது.

எல்லாக் கப்பலும் திரும்பவில்லை. 1983 ஏப்ரலில் தென்சீனக் கடலின் ஸ்ப்ராட்லி தீவுகளுக்கு ஜெர்மன் ஹாம்கள் ஒரு பாய்மரப் படகில் போனார்கள். பல நாடுகள் உரிமை கொண்டாடும் பகுதி அது. அங்கே ஒரு திட்டில் இருந்த வியட்நாம் படையினர் சுட்டதில் படகு எரிந்தது. தப்பியவர்கள் சிறு தோணியில் நாட்கணக்கில் மிதந்த பிறகு ஒரு சரக்குக் கப்பல் அவர்களைக் காப்பாற்றியது. இரண்டு ஹாம்கள் உயிரோடு திரும்பவில்லை. பட்டியலில் ஒரு வரிக்காக இரண்டு உயிர்... இதை எந்தக் கணக்கிலும் நேர்செய்ய முடியாது.

அந்தமான், 2004

"இதனால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்பவர்களுக்கு ஹாம்கள் அடிக்கடி சொல்லும் பதில் நம் நாட்டில் நடந்தது. அந்தமான் நிகோபாரிலிருந்து ஹாம் ரேடியோ இயக்க நீண்ட காலம் அனுமதி இல்லை. ஆகவே உலக ஹாம்களின் 'தேவை' வரிசையில் அது முன்னால் நின்றது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் பாரதி பிரசாத் விடாமல் முயன்று அனுமதி வாங்கினார். 2004 டிசம்பரில் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அவர் குழு நிலையம் அமைத்தது. பதினேழு வருடங்களுக்குப் பிறகு அந்தமான் குரல் கேட்டதும் ஆயிரக்கணக்கானவர்கள் முண்டியடித்துக் கூப்பிட்டார்கள்.

டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்குப் பூமி குலுங்கியது. அடுத்து சுனாமி. தீவுகளின் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. விருதுக்காகக் கட்டிய நிலையம் அந்த நிமிடத்திலிருந்து அவசரச் செய்தி நிலையமானது. போர்ட் பிளேர் அரசு அலுவலகத்தில் ஒரு நிலையமும், பெரும் சேதத்தில் கிடந்த கார் நிகோபாரில் இன்னொன்றும் இயங்கின. யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தி அவற்றின் வழியாகக் குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கூச்சலுக்கு நடுவே பலவீனமான ஒரு குரலைப் பிரித்தெடுத்து, பிழையில்லாமல் எழுதி, சரிபார்த்துத் திருப்பிச் சொல்லும் வேலையைத்தான் முந்தின நாள்வரை அவர்கள் அட்டைகளுக்காகச் செய்துகொண்டிருந்தார்கள்.

இதற்காகத்தான் அந்த விருது என்று சொல்லிவிட முடியாது. நிலநடுக்கத்தை எதிர்பார்த்து யாரும் அங்கே போகவில்லை. ஆனால் விருது இல்லாவிட்டால் அந்த வாரம் அந்த நிலையமும் அங்கே இருந்திருக்காது.

கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தமான் கிடைக்காமல் போன ஹாம்களுக்கு அடுத்த வாய்ப்பு 2006 ஏப்ரலில் வந்தது. பல நாட்டு ஹாம்கள் போர்ட் பிளேரில் கூடி நிலையங்களை இயக்கினார்கள். அவர்களின் பேரேட்டில் ஒரு வரி நிரம்பியது. மற்ற வரிகளுக்காக ரேடியோவைத் திறந்துவைத்துக்கொண்டு திரும்பவும் உட்கார்ந்தார்கள்.