"ரத்தத்துக்கு ஆள் கொண்டு வாங்க" என்று ஏன் சொல்றாங்க?



ஆபரேஷனுக்குச் சென்னை, வேலூர், மதுரை போய் வரும் நம்ம மலேசிய ஆட்கள் பல பேர் ஒரே குறையைச் சொல்றாங்க. "காசெல்லாம் கட்டியாச்சு. கடைசியில ரத்தத்துக்கு ரெண்டு பேரைக் கொண்டு வாங்கன்னுட்டாங்க. அங்க நமக்கு யாரு இருக்கா?" கூடப் போனது மனைவி மட்டும். அவங்களுக்கும் சர்க்கரை, இன்சுலின் போடுறவங்க. பாவம், என்ன செய்வாங்க?

இது அந்த ஆஸ்பத்திரியோட பிடிவாதம் மட்டும் இல்லை. இதுக்கு ஒரு வரலாறு இருக்கு.

1901-இல் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் ரத்தப் பிரிவுகளைக் கண்டுபிடித்துச் சொன்னார். அதுக்கு முன்னால ஒருத்தர் ரத்தத்தை இன்னொருத்தருக்கு ஏத்தினால் பிழைப்பதும் சாவதும் விதிதான். 1937-இல் சிக்காகோவில் டாக்டர் பெர்னார்ட் ஃபாண்டஸ் தன் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சேமித்து வைத்து, அதுக்கு "ரத்த வங்கி" என்று பேர் வைத்தார். பேரைக் கவனிங்க. வங்கியில் போட்டால்தானே எடுக்க முடியும்? எடுத்த ரத்தத்துக்குப் பதில் ரத்தம் கேட்கிற வழக்கத்துக்கும் இதே கணக்குதான்.

இந்தியாவில் ரொம்ப காலம் ரத்தம் விற்கிறவங்க இருந்தாங்க. வறுமையில் அடிக்கடி கொடுத்தாங்க, நோயும் சேர்ந்து பரவியது. 1996-இல் உச்ச நீதிமன்றம் இதை நிறுத்தச் சொல்லி, 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் தருவது தடையானது. நல்ல தீர்ப்பு. ஆனா தானாக வந்து கொடுப்பவர்கள் எல்லா ஊரிலும் போதுமான அளவு இல்லை. அந்தப் பள்ளத்தை நோயாளியோட சொந்தக்காரங்க நிரப்ப வேண்டியதாச்சு. 2002-இல் வந்த தேசிய ரத்தக் கொள்கை, தானாகக் கொடுப்பதுதான் வழி என்று சொன்னது. ஆனாலும் பழைய வழக்கம் பல இடங்களில் இன்னும் போகவில்லை.

அதனால போறவங்க டிக்கெட் எடுக்கும் முன்னாடியே கேளுங்க: எத்தனை பேர் வேணும், ஆள் இல்லாத வெளிநாட்டு நோயாளிக்கு என்ன ஏற்பாடு? பதில் ரத்தம் பெரும்பாலும் எந்தப் பிரிவாக இருந்தாலும் போதும், அது இருப்பை நிரப்பத்தான். வாசலில் நின்று "காசு கொடுங்க, ஆள் தர்றேன்" என்பவரிடம் போகாதீங்க. அது சட்டப்படி குற்றம், ஆபத்தும்கூட.

இன்னொன்று. 1952-இல் பம்பாயில் டாக்டர் பெண்டே குழு ஒரு அபூர்வப் பிரிவைக் கண்டுபிடித்தது. "பம்பாய் பிரிவு" என்று பேர். சாதாரணப் பரிசோதனையில் ஓ மாதிரி தெரியும், ஆனா ஓ ரத்தம் ஏத்தினால் ஆபத்து. இதே பிரிவுக்காரர் ரத்தம்தான் சேரும். நம்ம இந்திய வம்சாவளியில்தான் இது அதிகம் காணப்படுகிறது. வீட்டில் யாருக்காவது இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிடுங்க.

இங்க நமக்கு ஆபத்து வந்தால் எவரோ முகம் தெரியாதவர் கொடுத்த ரத்தம் பொது இருப்பில் இருக்கு. சீனரோ மலாய்க்காரரோ தமிழரோ, பை மேல இனம் எழுதி இருக்காது. அந்த இருப்பு தானா நிரம்பாது.

ஆலயத்தின் அடுத்த ரத்ததான முகாமுக்கு வாங்க. எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, நல்லாச் சாப்பிட்டு, தூங்கி வாங்க. தைப்பூசத்தில் அலகு குத்தியவங்க, பச்சை குத்தியவங்க, ஊருக்குப் போய் வந்தவங்க மறைக்காமச் சொல்லுங்க. கொஞ்ச மாதம் காத்திருக்கச் சொல்லலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கிற மாதிரி இதுக்கும் நிற்போம்.

ஓம் சரவணபவ.