வெளியில ஒண்ணு, உள்ள வேற: பழைய மஸ்டாங்கோட முன்சக்கரக் கதை

இந்த வாரம் ரெண்டு பேரிங்கோட ஆரம்பிக்கலாம்.

மெக்கானிக்கல் படிச்ச என் காலேஜ் நண்பன் ரெண்டு வீல் பேரிங்கை என் மேசைமேல வச்சு, "ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம், சொல்லு பார்ப்போம்"னான். வெளிவட்டம் ரெண்டுக்கும் ஒரே அளவு, 59.131 மில்லிமீட்டர். அகலமும் ஒண்ணுதான், 15.875. நடு ஓட்டை மட்டும் வேற. எல்எம் 67048-ங்கிற பேரிங்ல அது 31.75 மில்லிமீட்டர். எல் 68149-ங்கிறதுல கிட்டத்தட்ட 35.

"ஏன்டா இப்படிக் குழப்புற மாதிரி பண்ணியிருக்காங்க?"னு கேட்டேன். அவன் சிரிச்சான். "குழப்பம் உனக்குத்தான். பழைய கார் நிறைய இன்னும் ரோட்ல ஓடுறதே இந்த மாதிரி அளவுகளாலதான்."

அவன் சொன்னது சரிதானான்னு தேடிப் பார்த்ததுதான் இந்த எபிசோட்.

நடுவுல நிக்கிற ஆள்

முதல்ல பொருள்களைத் தெரிஞ்சுக்குவோம். பழைய அமெரிக்க கார்களோட முன்சக்கரத்துல ஸ்பிண்டில்னு ஒரு இரும்பு முளை இருக்கும். அது சுத்தாது. ஸ்டீயரிங்கைத் திருப்பினா அதுவும் திரும்பும், அவ்வளவுதான். அதைச் சுத்திச் சக்கரம் ஓடும். டிஸ்க் பிரேக் வண்டியா இருந்தா, சக்கரத்தோட சேர்ந்து சுத்துற இரும்புத் தட்டுதான் ரோட்டர். நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்ல டிஸ்க்னே சொல்லிடுவாங்க. அந்தக் காலத்து முன்சக்கர ரோட்டர்ல பெரும்பாலும் ஹப்பும் சேர்ந்தே இருக்கும்.

ஸ்பிண்டிலுக்கும் ரோட்டருக்கும் நடுவுல ரெண்டு பேரிங். உள்பக்கம் பெருசு, வெளிப்பக்கம் சின்னது. பேரிங்கோட நடு ஓட்டை ஸ்பிண்டிலுக்குப் பொருந்தணும், வெளிவளையம் ரோட்டருக்குப் பொருந்தணும். ரெண்டு பாஷைக்கு நடுவுல நிக்கிற மொழிபெயர்ப்பாளர் மாதிரி. இதை மனசுல வச்சுக்கோங்க, கடைசில தேவைப்படும்.

குதிரை வண்டிக்காரர் விட்டுட்டுப் போனது

இந்த மொழிபெயர்ப்பாளரோட கதை கார்ல ஆரம்பிக்கல. அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் நகரத்துல ஹென்றி டிம்கன்னு ஒருத்தர் குதிரை வண்டி செஞ்சிட்டிருந்தார். வண்டி நேரா போகும்போது எடை மேல இருந்து அழுத்தும். திரும்பும்போது பக்கவாட்டுலயும் தள்ளும். ரெண்டையும் ஒரே பேரிங் தாங்கணும். அதுக்கு அவர் கூம்பு வடிவ உருளைகளை வச்சார். காப்புரிமை கிடைச்ச வருஷம் 1898. அடுத்த வருஷம் கம்பெனி. 1901-ல ஓஹியோ மாநிலத்துல இருக்கிற கேன்டனுக்கு மாறிட்டாங்க, கார் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்துல.

இந்த வகை பேரிங்குக்குக் கொடுத்த எண்கள் நாளடைவுல பொதுமொழி ஆயிடுச்சு. எல்எம் 67048-னு கேட்டா வேற வேற கம்பெனிக்காரங்களும் அதே அளவுலதான் செஞ்சு கொடுக்கிறாங்க. கார் கம்பெனி மாடலை மாத்தும், நிறுத்தும். இந்த எண் அப்படியே நிக்கும். நம்ம பாஷைல சொன்னா, அப்ளிகேஷன் எத்தனை வெர்ஷன் மாறினாலும் உடையாத ஒரு இன்டர்ஃபேஸ்.

டிரம்ல இருந்து டிஸ்க்குக்கு

டிஸ்க் பிரேக் புது ஐடியா இல்ல. இங்கிலாந்துல ஃபிரெட்ரிக் லான்செஸ்டர் 1902-லயே காப்புரிமை வாங்கிட்டார். ஆனா உலகம் அதை நம்புறதுக்கு அரை நூற்றாண்டு ஆச்சு. 1953-ல பிரான்ஸ்ல நடந்த லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துல, டன்லப் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் சி-டைப் ஜெயிச்சுது. சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டினது அந்தப் பந்தயத்துல அதுதான் முதல் தடவை. வேகமா ஓடுறதுக்கு முதல்ல நம்பி நிறுத்தத் தெரியணும்னு எல்லாருக்கும் புரிஞ்சுது.

டிரம் பிரேக்கோட பிரச்சினை சூடு. மலைப்பாதைல இறங்கும்போது திரும்பத் திரும்பப் பிரேக் அடிச்சா, டிரம் சூடாகிப் பிடிப்பு குறைஞ்சிடும். டிஸ்க் காத்துல திறந்து கிடக்கிறதால சீக்கிரம் ஆறிடும்.

ஒரே பேர், வேற வேற ஸ்பிண்டில்

இப்ப நம்ம ஹீரோ வர்றார். ஃபோர்டு மஸ்டாங், 1964 ஏப்ரல் 17-ல அறிமுகம். விலை 2,368 டாலர்ல ஆரம்பம். குறைஞ்ச விலைக்குக் காரணம், ஃபால்கன்ங்கிற சாதாரணக் குடும்பக் காரோட அடிப்பகுதியையே எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு வருஷத்துக்குள்ள பத்து லட்சம் வண்டி.

அந்தப் பத்து லட்சமும் ஒண்ணு இல்ல. ஆறு சிலிண்டர் வண்டிக்குச் சக்கரத்துல நாலு போல்ட், வி8 வண்டிக்கு அஞ்சு. ரெண்டுக்கும் டிரம் அளவும் வேற, ஸ்பிண்டிலும் வேற. 1965 மாடல்ல கூடுதல் காசு கொடுத்தா முன்சக்கரத்துக்கு டிஸ்க் கிடைச்சுது. நாலு பிஸ்டன் இருக்கிற கெல்சி-ஹேஸ் காலிப்பர். 1968-ல அதை எடுத்துட்டு ஒத்தை பிஸ்டன் காலிப்பர் வச்சாங்க. 1970-ல ஸ்பிண்டிலும் பேரிங்கும் மாறிடுச்சு. அதனால 1969 மஸ்டாங் ரோட்டரை வாங்கி 1970 மஸ்டாங்ல மாட்ட முடியாது. பேர் ஒண்ணு, வருஷமும் அடுத்தடுத்த வருஷம், பொருள் வேற.

காயலான் கடை இன்ஜினியரிங்

அமெரிக்க அரசாங்கம் 1976 ஜனவரில கார் பிரேக் விதிகளைக் கடுமையாக்குச்சு. முன்பக்கம் டிஸ்க் இல்லாத கார் அங்க அபூர்வமாச்சு. பழைய டிரம் மஸ்டாங் வச்சிருந்தவங்களுக்கு இது நல்ல செய்தி. ஏன்னா 1975 மாடல்ல இருந்து ஃபோர்டு வித்த கிரனாடா, அதே ஃபால்கன் வம்சம். யாரும் அவ்வளவா ரசிக்காத பெட்டி மாதிரிக் கார். கொஞ்ச வருஷத்துல காயலான் கடைகள்ல வந்து குவிஞ்சுது. அதோட ஸ்பிண்டில், ரோட்டர், காலிப்பர் மூணையும் சேர்த்துக் கழட்டி மஸ்டாங்ல மாட்டினாங்க. உட்கார்ந்துச்சு!

ஆனா முழுசா இல்ல. ஸ்டீயரிங்கோட இணைக்கிற டை ராட் எண்ட் போற ஓட்டை கிரனாடால பெருசு. பழைய டை ராடை அதுல மாட்டினா ஆடும். சில பழைய ரிம்கள் காலிப்பர்ல உரசும். டிரம்முக்குச் செஞ்ச மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டா இன்னொரு சிக்கல். டிரம் லைன்ல எப்பவும் கொஞ்சம் அழுத்தம் தங்குறதுக்கு ஒரு வால்வு இருக்கும். டிஸ்க்குக்கு அதே வால்வு இருந்தா, காலை எடுத்த பிறகும் பேட் ரோட்டரை உரசிக்கிட்டே ஓடும்.

"மாட்டிடுச்சு"ன்னா போதுமா?

இப்ப என் மேசைமேல இருந்த ரெண்டு பேரிங்குக்குத் திரும்பலாம். கையில இருக்கிற ஸ்பிண்டில் ஒரு அளவு, கிடைச்ச ரோட்டர் வேற அளவு. ரெண்டுக்கும் நடுவுல பொருந்துற பேரிங் பல நேரம் பட்டியல்லயே இருக்கும், ஏன்னா ஒரே வெளிவட்டத்துல ரெண்டு ஓட்டை அளவு கிடைக்குது. நண்பன் சொன்னதோட அர்த்தம் இதுதான்.

அதே பட்டியல்லதான் ஆபத்தும் இருக்கு. எல் 68149-க்கு ரெண்டு வெளிவளையம் உண்டு. ஒண்ணு 59.131, இன்னொண்ணு 59.975. ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்ல, கண்ணுக்குத் தெரியாது. சின்னதை மாத்திப் போட்டா வளையம் ஹப்புக்குள்ளயே சுத்தும், சூடாகும், ஹப் தேயும். ஆட்டம் வந்துட்டா பேட் பின்னால தள்ளப்பட்டு, அடுத்த தடவை பிரேக் பெடல் பாதி தூரம் சும்மா போகும். எந்தத் திருப்பத்துல அது நடக்கும்னு சொல்ல முடியாது.

அதனால இதைச் செய்யுறவங்க மாடல் வருஷத்தை மட்டும் நம்ப மாட்டாங்க. காலிப்பர் அளவுகோலை எடுத்து ஸ்பிண்டிலை அளப்பாங்க, வளையத்துல பொறிச்ச எண்ணைப் படிப்பாங்க, பேரிங்கையும் வளையத்தையும் ஜோடியாவே புதுசு மாத்துவாங்க. கடைசியா நட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுத்திவிட்டு, கொஞ்சம் தளர்த்துவாங்க. விடுற இடைவெளி அங்குலத்துல ஆயிரத்துல ஒண்ணுல இருந்து அஞ்சு பங்குக்குள்ள.

நாங்க கோட் எழுதும்போது "என் மெஷின்ல ஓடுது"னு சொல்லித் தப்பிச்சுப்போம். ஓடாட்டி ரோல்பேக் பண்ணலாம். மணிக்கு 100 கிலோமீட்டர்ல போற முன்சக்கரத்துக்கு ரோல்பேக் கிடையாது. மாட்டுறதும் பொருந்துறதும் வேறன்னு அந்த ரெண்டு பேரிங் எனக்குப் புரியவச்சுது. ஒண்ணை அவன்கிட்டத் திருப்பிக் கொடுத்துட்டேன். இன்னொண்ணு இன்னும் என் மானிட்டர் பக்கத்துல இருக்கு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.