கட்டுமரம் என்ற பெயர், கேட்டமரான் என்ற படகு

போன மாதம் நம்ம நேயர் ஒருத்தர் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார். கல்யாணமாகி ஹவாய்த் தீவுகளுக்கு ஹனிமூன் போறாங்களாம். அங்கே ஒரு 'ப்ரைவேட் கேட்டமரான் க்ரூஸ்' புக் பண்ணப் பார்க்கிறாங்க. முழுப் படகும் அவங்க ரெண்டு பேருக்கே. காலையில் கிளம்பி, பவளப்பாறைப் பக்கம் நிறுத்தி ஸ்நார்கெலிங், படகிலேயே சாப்பாடு, மதியம் கரைக்குத் திரும்பல். கீழே அவர் கேள்வி: "அண்ணா, இது நம்ம கட்டுமரம்தானே? கேப்டன்கிட்ட 'இதைக் கண்டுபிடிச்சதே நாங்கதான்'னு சொல்லலாமா?"

இந்தக் கேள்விக்கு 'ஆமா'ன்னு பதில் சொல்ற வீடியோ யூடியூப்ல ஏராளம். என் பதில்: பெயர் நம்முடையது. படகு நம்முடையது இல்லை. அந்தப் படகைக் கண்டுபிடித்தவர்களின் பேரப்பிள்ளைகளிடமே போய் நீங்க அப்படிச் சொல்லப்போறீங்க. அதனால்தான் இந்த எபிசோட்.

முதலில் நம்ம மரத்தைப் பார்ப்போம். கட்டுமரம் என்பது எடை குறைந்த மரக்கட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. அவ்வளவுதான். உள்ளே குழிவு கிடையாது, பக்கச்சுவர் கிடையாது. அலை மேலே ஏறினால் இடுக்குகள் வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது, புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைக் காயவைப்பார்கள், இல்லையென்றால் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். மீனவர்கள் பல ஊர்களில் இதைக் 'கட்டுமரம்' என்றுகூடச் சொல்வதில்லை, வெறும் 'மரம்'தான்.

1690இல் சென்னைக்கு வந்துபோன ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர், 1697இல் வெளியான தன் பயண நூலில் இந்த மரங்களைப் பற்றி எழுதினார். ஓட்டுபவரின் கால்கள் எப்போதும் தண்ணீரிலேயே கிடக்கின்றன என்பது அவருக்குப் பெரிய ஆச்சரியம். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்த மரம் வேடிக்கைப் பொருள் இல்லை. அப்போது சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், நடுவில் பேரலைகள். ஆட்களையும் சரக்கையும் கொண்டுவருவதற்கு, பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகு. அந்தப் படகே இறங்க முடியாத நாளில் கட்டுமரம். கூம்பு வடிவத் தொப்பிக்குள் கடிதங்களை நனையாமல் செருகிக்கொண்டு, அலையைத் தாண்டிக் கப்பலுக்குப் போய் வருவார்கள் நம்ம ஆட்கள். லண்டனிலிருந்து மாதக்கணக்கில் பயணம் செய்து வந்த கடிதம், கடைசி ஒரு மைலை ஒரு மீனவரின் தலைமேல் கடந்தது. கப்பலில் வந்த ஒவ்வொரு வெள்ளைக்காரனும் சென்னையில் முதலில் பார்த்த மனிதர் அநேகமாக இவர்தான். 'கேட்டமரான்' என்ற சொல் ஆங்கிலத்தில் அவ்வளவு ஆழமாக ஒட்டிக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஒட்டிக்கொண்ட சொல், அங்கே போய் அதன் இஷ்டத்துக்குத் திரிந்தது. உலகத்தில் எந்தத் தெப்பத்தைப் பார்த்தாலும் ஆங்கிலேயர்கள் கேட்டமரான் என்றார்கள். 1804இல் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க, பிரான்சின் பூலோன் துறைமுகத்தின் மேல் ஆங்கிலேயக் கடற்படை மிதக்கும் வெடிப் பெட்டிகளை ஏவியது. அமெரிக்கரான ராபர்ட் ஃபுல்டனின் யோசனை, உள்ளே வெடிமருந்தும் கடிகார விசையும். அதற்கும் பெயர் கேட்டமரான். பெரிய சேதம் ஒன்றும் ஆகவில்லை. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கொச்சையில் சண்டைக்காரப் பெண்ணையும் இந்தச் சொல்லால் திட்டியிருக்கிறார்கள். (ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்!) அதே நூற்றாண்டில், இரண்டு உடல்களை இணைத்துக் கட்டிய படகுக்கும் இந்தப் பெயர் வந்து சேர்ந்தது.

நீங்க ஹவாயில் ஏறப்போவது இந்த இரட்டை உடல் படகில்தான். இது பசிபிக் கடலின் சொத்து.

பாலினீசியர்கள் நீளமான இரண்டு ஓடங்களை அருகருகே நிறுத்தி, குறுக்குச் சட்டங்கள் போட்டு, தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். நடுவில் ஒரு மேடை. அதன் மேல் மனிதர்கள், நாய், கோழி, பன்றி, நடுவதற்குச் சேப்பங்கிழங்கு. பாய்கள் தாழை இன ஓலையில் பின்னியவை. ஆணி ஒன்றுகூடக் கிடையாது. இப்படித்தான் சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஹவாயில் மனிதர்கள் குடியேறினார்கள். ஐரோப்பியர்கள் இந்தப் படகைப் பார்த்ததும் நேற்று இன்று இல்லை: 1616இல் ஸ்கௌட்டன், லெ மேர் என்ற டச்சு மாலுமிகள் டோங்கா பக்கம் இப்படியொரு படகை நடுக்கடலில் சந்தித்தார்கள். ஹவாய் மொழியில் இதன் பெயர் வஆ கௌலுவா, இரட்டை ஓடம் என்று அர்த்தம்.

இதன் விஞ்ஞானம் எளிமையானது. ஒற்றை உடல் படகு காற்றில் சாய்ந்து கவிழாமல் இருக்க, அடியில் கனமான எடை வேண்டும். இரட்டை உடலுக்கு அது வேண்டாம், அகலமே அதை நிற்க வைக்கும். எடை இல்லாததால் வேகம். ஆழமாக அமிழாததால் மணலிலேயே கொண்டுபோய் ஏற்றி நிறுத்தலாம், துறைமுகமே தேவையில்லை. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். கட்டுமரத்துக்கும் வஆ கௌலுவாவுக்கும் வம்ச உறவு எதுவும் கிடையாது. ஆனால் ரெண்டுமே துறைமுகம் இல்லாத கரைகளில் வாழ்ந்தவர்கள், கையில் இருந்த மரத்தையும் கயிற்றையும் வைத்துச் செய்தது. ரெண்டுமே கட்டிய மரம்தான், அந்த வகையில் பெயர் ஒன்றும் தப்பாகப் போகவில்லை.

இதற்குள் 1876க்கு வாங்க. அந்த வருஷம் சென்னையில் துறைமுகம் கட்டும் வேலை தொடங்கியது. கடிதம் சுமந்த கட்டுமரத்தின் காலம் முடியப்போகிறது என்று அர்த்தம். அதே வருஷம் நியூயார்க்கில் ஒரு பாய்மரப் படகுப் போட்டி. நதானியேல் ஹெர்ரெஷாஃப் என்ற இளைஞர் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் படகோடு வந்து, பணக்காரர்களின் படகுகளையெல்லாம் பின்னால் தள்ளினார். தோற்றவர்கள் புகார் கொடுத்தார்கள், படகு தகுதி நீக்கம் ஆனது. 1877இல் அவர் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கினார். பசிபிக்கில் நூற்றாண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த யோசனை, பெயர் தமிழ்க் கரையிலிருந்து, காப்புரிமை அமெரிக்கருக்கு!

ஹவாயில் அந்தக் காலத்தில் என்ன நடந்தது? 1893இல் அரசி லிலியுவோகலானியின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். 1896இல் பள்ளிகளில் ஹவாய் மொழியில் பாடம் நடத்துவதைத் தடை செய்தார்கள். 1898இல் அமெரிக்கா தீவுகளையே சேர்த்துக்கொண்டது. கடல் தாண்டிப் போகும் பெரிய இரட்டை ஓடங்கள் அதற்குள் மறைந்துவிட்டன. நட்சத்திரத்தைப் பார்த்து அவற்றை ஓட்டத் தெரிந்தவர்களும் மறைந்துவிட்டார்கள்.

நம்ம நேயர் புக் பண்ணும் சுற்றுலாவின் கதை 1947இல் வைகிகி கடற்கரையில் சூடுபிடிக்கிறது. வுடி பிரவுன் என்று ஒருத்தர். நியூயார்க்கில் பிறந்தவர், கிளைடர் ஓட்டியவர், அலைச்சறுக்கு வீரர். போரில் ஆயுதம் எடுக்க மறுத்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நில அளவை வேலைக்காகக் கிறிஸ்துமஸ் தீவுக்குப் போனபோது, அங்கிருந்த தீவுவாசிகளின் பாய்மர ஓடம் போகும் வேகத்தைப் பார்த்து மிரண்டுபோனார். திரும்பி வந்து, ஆல்ஃபிரட் குமாலே, ரூடி சோய் ஆகியோருடன் சேர்ந்து ஒட்டுப்பலகையில் ஏறக்குறைய 40 அடி நீளத்துக்கு 'மனு கை'யைக் கட்டினார். கடற்பறவை என்று பொருள். மணலிலிருந்தே சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போய்ச் சுற்றிக்காட்டினார். இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கும் கேட்டமரான் சுற்றுலாவுக்கு முன்னோடிகளில் ஒன்று இந்தப் படகு. பிரவுன் 2008இல், 96 வயதில் இறந்தார்.

அதே 1947இல் இன்னொரு படகும் பசிபிக்கில் மிதந்தது, அதற்குத்தான் புகழ் முழுக்கப் போனது. நார்வேக்காரர் தோர் ஹெயர்தால் பெரு நாட்டிலிருந்து 'கோன்-டிகி'யில் கிளம்பி 101 நாளில் பாலினீசியாவில் கரை தட்டினார். தென் அமெரிக்காவிலிருந்துதான் பாலினீசியாவுக்கு முதலில் மக்கள் வந்தார்கள் என்று நிரூபிப்பது அவர் நோக்கம். கோன்-டிகி எப்படி இருக்கும் தெரியுமா? பால்சா கட்டைகளைக் கயிற்றால் கட்டிய தெப்பம். சொல்லின் நேர்ப் பொருளில் பார்த்தால் அதுதான் கட்டுமரம்! ஆனால் அதை யாரும் கேட்டமரான் என்று பெரிதாகச் சொல்வதில்லை.

அடுத்து 1956இல் நியூசிலாந்தின் ஆண்ட்ரூ ஷார்ப், பாலினீசியர்கள் தூரத்துத் தீவுகளுக்குத் திட்டமிட்டுப் போகவில்லை, காற்றில் அடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள் என்று எழுதினார். கவனிச்சீங்களா? ஒருத்தர் 'அவங்க வரவே இல்லை, வேற ஆளுங்க வந்தாங்க' என்கிறார். இன்னொருத்தர் 'வந்தாங்க, ஆனா தெரியாம வந்துட்டாங்க' என்கிறார். இப்போ நாம போய் 'படகே எங்களுதுதான்' என்றால், அந்த வரிசையில் மூன்றாவது ஆள் நாம்.

பதில் 1976இல் வந்தது. ஹவாய் மக்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து 'ஹோகுலேஆ' என்ற இரட்டை ஓடத்தைக் கட்டினார்கள். ஓட்டத் தெரிந்தவர் ஹவாயில் ஒருத்தர்கூட இல்லை. மைக்ரோனீசியாவின் சதவல் என்ற குட்டித் தீவிலிருந்து மாவ் பியாலுக்கை அழைத்து வந்தார்கள். திசைகாட்டி இல்லை, வரைபடம் இல்லை. நட்சத்திரம், அலையின் போக்கு, பறவைகள், இவ்வளவுதான் அவருடைய கருவிகள். மே 1ஆம் தேதி மாவி தீவிலிருந்து கிளம்பி, சுமார் 4,000 கிலோமீட்டர் கடந்து, ஜூன் 4ஆம் தேதி தாஹிதியின் பாபீத்தே துறைமுகத்தில் நுழைந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் கரையில் காத்திருந்தார்கள். மாவ் செய்த இன்னொரு காரியம் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது: தன் வித்தையை வேற்று இனத்தாருக்குச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் கற்ற நைனோவா தாம்சன் 1980இல் தானே வழிகண்டு தாஹிதிக்குப் போய் வந்தார்.

ஸ்நார்கெலிங் பற்றியும் ரெண்டு வார்த்தை. முகமூடியும் மூச்சுக் குழாயும் 1930களில் பிரான்சின் தென்கரையில் உருவம் பெற்றவை. 'ஸ்நார்கெல்' என்ற பெயர் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களின் காற்றுக் குழாயிலிருந்து வந்தது. போர்க்கருவியின் பெயரைத்தான் இப்போ குழந்தைகள் வாயில் கடித்துக்கொண்டு மீன் பார்க்கிறார்கள். நம்ம மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் இதெல்லாம் இல்லாமல், கனமான கல்லில் கால் வைத்து, ஒரே மூச்சில் இறங்கியவர்கள். அது வேலை, இது விடுமுறை.

ஹவாய்ப் பெருந்தீவில் போனால் உங்கள் படகு கெயலகேகுவா விரிகுடாவில் நிற்க வாய்ப்பு உண்டு. கேப்டன் ஜேம்ஸ் குக் 1779 பிப்ரவரி 14இல் கொல்லப்பட்டது அங்கேதான். கரையில் அவருக்கு ஒரு வெள்ளைத் தூண் நிற்கிறது. அதன் எதிரே தண்ணீருக்குள் தலையைக் கவிழ்த்தால், 1969 முதல் பாதுகாக்கப்பட்டு வரும் பவளப்பாறை. பவளத்தின் மேல் காலை ஊன்றாதீர்கள், அது கல் இல்லை, உயிர். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்கிரீன்களை 2021 முதல் ஹவாயில் கடையில் விற்கவே முடியாது. சென்னையிலிருந்து எடுத்துப் போவதாக இருந்தால் லேபிளைப் படித்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

நம்ம கரையில் மரம் என்ன ஆச்சு என்றும் கேட்பீர்கள். 1980கள் முதலே ஃபைபர் படகும் மோட்டாரும் வரத் தொடங்கின. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பாலும் ஃபைபர்தான். கட்டைகளைச் செதுக்கிச் சேர்த்துக் கட்டத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. காசிமேட்டுப் பக்கமோ குமரிக் கரையிலோ அப்படி ஒருவரை உங்களுக்குத் தெரிந்தால், அவருக்குச் சம்மதம் என்றால், எங்களுக்கு ஒரு மெயில் போடுங்க. மைக்கோடு வந்து உட்கார்ந்து கேட்க ஆசை.

கேப்டன்கிட்ட என்ன சொல்றதுன்னு கேட்ட தம்பிக்கு: "இந்தப் பெயர் எங்க ஊர்ச் சொல்"லுன்னு தாராளமா சொல்லுங்க. சொல்லிட்டு, "உங்க ஊர்ல இதை என்னன்னு கூப்பிடுவீங்க?"ன்னு கேளுங்க. அடுத்த வாரம் மசூலா படகு. பார்ப்போம்.