காரீயம்: கப்பலில் போனதும் போனில் வந்ததும்

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தது ஞாபகம் இருக்கா? வெள்ளவத்தை ஃபிளட்டுகளில் எல்லார் கண்ணும் போனில் மிச்சமிருந்த பற்றரியில்தான். அந்தப் பற்றரிக்குள்ளே இருக்கிற கருப்புப் பொடிக்கும் கொழும்புக்கும் பழைய தொடர்பு ஒன்று இருக்கு.

பள்ளிக்கூடத்தில் புவியியலில் படிச்ச காரீயம்தான் அது. பேரிலேயே ஒரு பிழை: அதில் ஈயமே இல்லை. 'பிளம்பேகோ' என்று பேர் வைத்த ஐரோப்பியர்களும் அதை ஈயம் என்றுதான் நினைத்தார்கள். அது காபன் என்று ஷீலே காட்டியது 1779இல்.

19ஆம் நூற்றாண்டில் உலோகம் உருக்கும் மூசைகள் செய்ய இலங்கைக் காரீயம் வெளிநாடுகளுக்குத் தேவைப்பட்டது. இலண்டனில் மோர்கன், அமெரிக்காவில் டிக்சன் போன்ற கம்பனிகள் வாங்கின. கேகாலை, குருணாகல் பக்கத்துச் சுரங்கங்களில் வெட்டியது கொழும்புக் களஞ்சியங்களுக்கு வரும். அங்கே பெண்கள் கையாலேயே கட்டி, சில்லு, தூள் என்று தரம் பிரிப்பார்கள். பிறகு மரப் பீப்பாய்களில் அடைத்து, கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் கப்பல் ஏறும். முதலாம் உலகப் போர் நடந்த 1916இல் ஏற்றுமதி 30,000 தொன்னைத் தாண்டியது. டி. எஸ். சேனாநாயக்க குடும்பத்தின் செல்வத்துக்கும் காரீயம்தான் அடித்தளம். போர் முடிய விலை விழுந்தது. மடகஸ்கார் காரீயமும் செயற்கைக் காரீயமும் சந்தையைப் பிடித்தன. சுரங்க முதலாளிகளின் பேர் வரலாற்றில் இருக்கு. தூளுக்குள் இருந்து தரம் பிரித்த பெண்களைப் பற்றி ஆரும் பெரிசாகப் பேசுவதில்லை.

காரீயத்துக்கு இரண்டாவது வாழ்க்கை பற்றரியில் கிடைத்தது. 1980 அளவில் ரஷீட் யசாமி, லித்தியம் காரீய அடுக்குகளுக்குள் போய்த் திரும்பி வரலாம் என்று காட்டினார். 1991இல் சோனி விற்ற முதல் லித்தியம் அயன் பற்றரியில் வேறு வகைக் காபன் இருந்தது. பிறகு அனோட்டின் இடத்தைக் காரீயம் பிடித்தது. ஆனால் ஆறு காபனுக்கு ஒரு லித்தியம்தான் தங்கும். அதனால் ஒரு கிராமுக்கு 372 மில்லி அம்பியர் மணி என்பதே எல்லை.

சிலிக்கன் கிட்டத்தட்டப் பத்து மடங்கு பிடிக்கும். சிக்கல் என்னவென்றால், சார்ஜ் ஏற அதன் கனவளவு மூன்று மடங்குக்கு மேல் பெருக்கும், இறங்கச் சுருங்கும். சில தரத்திலேயே வெடித்துப் பொடியாகிவிடும். அதற்குக் கண்டுபிடித்த வழிதான் நனோ கலவை: சிலிக்கனை மிகச் சிறிய துகள்களாக்கி, காரீயத்தோடும் காபனோடும் சேர்த்துக் கட்டுவது. வீங்குவதைத் தாங்குவதும் மின்சாரத்தைக் கடத்துவதும் காபனின் வேலை. அதாவது, சிலிக்கன் வந்தும் காரீயத்துக்கு ஓய்வு இல்லை.

இலங்கையில் கிடைப்பது பாறை வெடிப்புகளில் நரம்பு மாதிரி ஓடும், மிகத் தூய காரீயம். அதைச் சுத்தப்படுத்தி அனோட்டாக்கலாம் என்று கண்டியில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஹோமாகமவில் ஸ்லின்டெக் அதிலிருந்து கிராபீன் எடுத்தது. ஆனால் உலகின் அனோட்டுப் பொருளில் பெரும்பங்கைச் செய்வது சீனாதான்.

எங்கட நரம்புகள் ஒடுங்கியவை. தொன் கணக்கில் போட்டி போட ஏலாது. காசு இருப்பது சுத்தப்படுத்துவதிலும் கலப்பதிலும்தான். 1916இல் நாங்கள் கட்டியை அனுப்பினோம், மூசையை அவர்கள் செய்தார்கள். இப்பவும் பொடியை அனுப்பிப்போட்டுப் பற்றரியைக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்றால், நூறு வருசத்தில் மாறினது பீப்பாய் மட்டும்தான்.